மண் சுமந்த கையும் பாத்திரம் கழுவிய கையும்

வைகை பெருக்கெடுத்தபோது வீட்டுக்கு ஒரு பங்கு கரை என்று பாண்டியன் முரசறைவித்தான். அவரவர் பங்கை அவரவர் அடைத்தனர். பிட்டு விற்றுச் சீவித்த வந்திக் கிழவிக்கோ கூலிக்குக்கூட ஆள் கிடைக்கவில்லை. அவளுக்காகக் கூடையும் மண்வெட்டியும் தாங்கி வந்த கூலியாள் யார் என்பதைச் சைவர்கள் அனைவரும் அறிவர். உதிர்ந்த பிட்டே அவருக்குக் கூலி. அவர் முதுகில் விழுந்த பிரம்படி அரசன் முதுகிலும் அங்கு நின்ற அத்தனை பேர் முதுகிலும் விழுந்தது என்கிறது திருவிளையாடற் புராணம்.

ஆவணி மூலத்தன்று கோவில் வீதியில் இக்கதையைக் கேட்டு வளர்ந்த சமூகம் ஒன்று, பின்னொரு நாள் தானே கூடை தூக்க நேர்ந்தது. ஹம் நகரிலும் அதைச் சூழ்ந்த ரூர் பிரதேசத்திலும் வாழும் ஈழத்தமிழரின் நாற்பது ஆண்டு வரலாறு அதுவே. நெருக்கடி வந்தால் மனிதனின் தொழில் மாறுகிறது. தொழில் மாறினால் அவன் யார் என்ற கேள்வியும் எழுகிறது. இக்கேள்வியைத் தமிழர் ஒருமுறை 1980களில் சந்தித்தனர். மீண்டும் 2020இல் சந்தித்தனர். இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பது பயனுடையது.

கோறணமேந்துக் காலம்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தார் வாயில் வாழ்ந்த பழமொழி. தொழில், பெயருக்கு முன்னால் நடந்த காலம் அது. தலைமை வாத்தியார் வீடு, ஓவசியர் வளவு, தபாற்கந்தோர்க்காரர் ஒழுங்கை, சங்கக்கடை மனேச்சர் வீடு என்றே ஊரில் அடையாளம் சொல்லப்பட்டது. மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உழைத்துத் திரும்பியவருக்கு ‘மலாயாப் பென்ஷன்காரர்’ என்பதே பெயராயிற்று. அந்தப் பென்ஷன் அவருடைய பேத்தியின் கலியாணப் பேச்சிலும் எடுத்துச் சொல்லப்பட்டது.

இந்த மதிப்பு ஒரே நாளில் சரியவில்லை. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் அரசாங்க சேவையில் இருந்த தமிழரை அந்தரத்தில் நிறுத்தியது. 1971இல் தொடங்கிய தரப்படுத்தல், பல்கலைக்கழக வாசற்படிவரை வந்த மாணவர் பலரைத் திருப்பி அனுப்பியது. இறுதியாக 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. காலையில் கோப்புகளோடு கந்தோருக்குப் போன உத்தியோகத்தர், இரவு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி போன்ற அகதி முகாம்களின் வெறுந்தரையில் படுத்தார். கடை முதலாளியும், அவர் கடையில் மூட்டை தூக்கியவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே சோற்றுப் பொட்டலத்தை வாங்கினர். கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனபோது இருவரும் ஒரே தளத்திலேயே இருந்தனர். அகதி என்ற ஒரு சொல், அதற்கு முன்பிருந்த எல்லாச் சொற்களையும் அழித்துவிட்டது.

வேலை செய்யக் கூடாத ஆண்டுகள்

அதன்பின் ஜேர்மனிக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் இளைஞர்கள். பலர் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்ரிக்ஷ்ட்ராசே நிலையத்தால் மேற்கு பேர்லினுக்குள் நுழைந்தனர். 1985இல் கிழக்கு ஜேர்மனி இவ்வழியைத் தமிழருக்கு அடைத்தது.

வந்தவர்களுக்கு உணவும் கூரையும் கிடைத்தன. வேலை செய்யும் உரிமை கிடைக்கவில்லை. தஞ்சம் கேட்டோருக்கு 1980களின் தொடக்கத்தில் இரண்டு ஆண்டுகளாயிருந்த வேலைத் தடை, 1987இல் ஐந்து ஆண்டுகளாக நீட்டப்பட்டது. 1991இலேயே அது நீக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒதுக்கப்பட்ட மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி வேண்டும். அடுத்த நகரில் இருக்கும் தமையனைப் பார்ப்பதற்கும் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் ஹைம் எனப்படும் அகதி விடுதியில், ஓர் அறைக்கு நால்வராக, ஐந்து ஆண்டுகள் சும்மா இருந்தால் அவனுக்கு என்ன ஆகும்? ஜேர்மன் மொழி பேசும் ஆய்வாளர் சிலர் இதற்கு முன்னரே விடை கண்டிருந்தனர். வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்ற கிராமத்தில், ஊர் முழுவதற்கும் வேலை கொடுத்த நெசவாலை 1930ஆம் ஆண்டளவில் மூடப்பட்டது. அங்கு சென்று மேரி யகோடா முதலியோர் செய்த ஆய்வு 1933இல் வெளிவந்தது. வேலையற்றோருக்கு நேரம் நிறைய உண்டு, ஆகவே நிறைய வாசிப்பர் என்றே எவரும் எண்ணுவர். அங்கோ நூலகத்தில் இரவல் எடுக்கப்பட்ட புத்தகங்களின் தொகை குறைந்தது. ஆண்கள் வீதியில் நடக்கும் வேகமும் குறைந்தது. வேலை போனபோது சம்பளத்தோடு நாளின் ஒழுங்கும் போயிற்று. வீட்டு வேலை இருந்த பெண்களுக்கு மட்டும் நாள் நாளாகவே இருந்தது.

அந்தத் தடைக்காலத்தை வாழ்ந்தவர்கள் இதைப் படித்தால் தங்கள் ஹைம் அறையையே காண்பர். ஊரில் தங்கையின் சீதனத்துக்கும் தம்பியின் பயணத்துக்கும் பட்ட கடன் வட்டியோடு வளர்ந்தது. கடிதத்தில் ‘நான் நல்ல சுகம், வேலை பார்க்கிறேன்’ என்று எழுதப்பட்டது. உண்மை என்னவெனில், சட்டம் கையைக் கட்டியிருந்தது. சும்மா இருக்கிறார்கள் என்று ஊரார் சொன்ன பழியும் அவர்கள் மீதே விழுந்தது. வேலை செய்யாதே என்று சொல்லிவிட்டு, வேலை செய்யாதவன் என்று இகழ்வதைக் காட்டிலும் கொடிய அடி வேறில்லை.

பெயர் மாறிய கதை

தடை நீங்கியதும் கிடைத்த வேலை எதுவோ அதைச் செய்தனர். உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவுதல், மரக்கறி வெட்டுதல், பீற்சா சுடுதல், பொதி கட்டுதல், விடிய முன் எழுந்து கந்தோர் துப்புரவாக்குதல் ஆகியவையே அவை. ஊரில் கணிதம் படிப்பித்தவரின் கை சவர்க்கார நீரில் ஊறியது. வெளிநாட்டுத் தகைமைகளை முறைப்படி மதிப்பிடும் உரிமையைத் தரும் சட்டம் ஜேர்மனியில் நடைமுறைக்கு வந்தது 2012 ஏப்ரலில். 1980களில் வந்தவர்களுக்கு அது மிகப் பிந்திய உதவி. சான்றிதழ்கள் அதற்குள் அலுமாரியின் அடித்தட்டில் மஞ்சள் நிறமாகிவிட்டன.

பெயரும் மாறியது. ஈழத்தமிழரிடையே குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தகப்பன் பெயரை முன்னே எழுதித் தன் பெயரைப் பின்னே எழுதுவது முறை. குடும்பப் பெயர் இல்லாமல் இங்கே ஒரு படிவமும் நிரம்பாது. ஆகவே சிலருக்குத் தகப்பன் பெயர் முதற்பெயராயிற்று. சிலருக்கு அதுவே குடும்பப் பெயராயிற்று. ஊரில் காலமாகிவிட்ட தகப்பனாரின் பெயரைச் சொல்லி மகனை வேலைத்தலத்தில் கூப்பிட்டனர். அப்பெயரும் நீளம் என்று பட்டால் இரண்டு எழுத்தாகக் குறுக்கினர். மருமகள் மாமனாரின் பெயரால் அழைக்கப்பட்ட வீடுகளும் உண்டு.

வீட்டினுள்ளும் இடங்கள் மாறின. ஊரில் உத்தியோகம் பாராத பெண்கள் இங்கே அதிகாலைப் பேருந்தில் வேலைக்குப் போயினர். கணவன் பிள்ளைக்குத் தலைவாரிப் பாடசாலைக்கு அனுப்பினார். கந்தோரில் அதிகாரி கேட்பதை ஒன்பது வயது மகள் தமிழாக்கினாள். தகப்பனுடைய கடனையும் விசாவையும் நோயையும் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைக்கு அது பாரம். தகப்பனுக்கு அது தலைகுனிவு. இரண்டையும் இருவரும் வெளியே சொல்லவில்லை.

நட்சத்திரம் கேட்ட இடம்

இந்நிலையில்தான் 1989இல் ஹம் நகரில் ஒரு நிலவறையில் அம்பாள் சந்நிதி ஒன்று எழுந்தது. 1985இல் அகதியாக வந்த சிவஸ்ரீ ஆறுமுகம் பாஸ்கரக் குருக்கள் அதைத் தொடங்கினார். அங்கே அர்ச்சனைக்கு நின்றவரிடம் படிவம் கேட்கப்படவில்லை. பெயர் என்ன, நட்சத்திரம் என்ன என்று கேட்கப்பட்டது. கிழமை முழுவதும் இரண்டெழுத்துப் பெயரோடு சமையலறையில் நின்றவருக்குத் தன் முழுப்பெயரை, பிறந்த நட்சத்திரத்தோடு, உரத்த குரலில் கேட்பதற்கு அந்த ஓர் இடமே இருந்தது. கோவிலுக்கு வந்தவர்கள் வேண்டுதலோடு மட்டும் வரவில்லை; தாம் யார் என்பதை மறக்காதிருக்கவும் வந்தனர் எனலாம்.

1993இல் முதன்முறையாக ஹம் வீதியில் சுவாமி வீதியுலா வந்தபோது கூடியோர் சில நூறு பேர். பின்னர் ஆண்டுதோறும் கூட்டம் பெருகி ஆயிரங்களைத் தாண்டியது. குடியிருப்புப் பகுதியில் வாகன நெரிசலும் சத்தமும் முறைப்பாடாயின. நகரின் கிழக்கே, ஊன்ட்ரொப் தொழிற்பேட்டையில் இடம் தேடப்பட்டது. உள்ளூர்க் கட்டடக் கலைஞர் ஹைன்ஸ்-ரைனர் ஐக்ஹோர்ஸ்ட் ஜேர்மன் கட்டட விதிகளுக்கேற்பத் திட்டம் வரைய, தமிழகத்துச் சிற்பிகள் சுதை வேலை செய்தனர். 17 மீற்றர் உயரமுள்ள இராசகோபுரத்தோடு ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் 2002 ஜூலை 7ஆம் திகதி கும்பாபிஷேகம் கண்டது. 2017இல் நொர்ட்ரைன்-வெஸ்ற்பாலன் மாநிலம் இந்துச் சமூகத்துக்குப் பொதுச்சட்ட நிறுவனம் என்ற தகுதியை அளித்தது. கிறிஸ்தவத் திருச்சபைகள் வகிக்கும் சட்டநிலை அது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அனுமதியின்றி மாவட்ட எல்லையைத் தாண்ட முடியாதிருந்தவர்களின் சமூகம் அது என்பது நினைக்கத்தக்கது.

அக்கோபுரத்தை எழுப்பிய பணத்தில் எவ்வளவு பாத்திரம் கழுவிய கூலி என்பதை அம்பாள் அறிவாள். தேர்த்திருவிழாவுக்கென்று ஆண்டு விடுமுறையைச் சேமித்து, அந்த விடுமுறையிலும் மடப்பள்ளியில் சோறு வடித்தவர்கள் பலர். கிழமை நாளில் சம்பளத்துக்குச் செய்த அதே வேலை இங்கே தொண்டாயிற்று. சைவம் இதைப் புதிதாகச் சொல்லவில்லை. நால்வகை நெறியில் முதற்படியாகிய சரியை, திருக்கோயிலைக் கூட்டி மெழுகுவதையே வழிபாடாக வைத்தது. அப்பர் சுவாமிகளின் கையில் இருந்தது உழவாரம். காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்டர் அடியாரின் துணி வெளுத்தார். மழை நின்றபாடில்லை, கந்தையை உலர்த்தித் தருவதாகச் சொன்ன வாக்குத் தவறுகிறது என்று துணி தோய்க்கும் கல்லில் தலையை மோதினார். இறைவன் கை தடுத்தது. காஞ்சிக் காமாட்சியின் பெயரால் ஹம்மில் எழுந்த ஆலயத்துக்கு வரும் துப்புரவுத் தொழிலாளருக்குக் காஞ்சியிலேயே ஒரு முன்னோர் இருக்கிறார்.

ஹம் நகரத்துக்கும் இப்பாடம் புதிதல்ல. நிலத்தடியில் கரி வெட்டி வளர்ந்த ஊர் அது. ராட்போட் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. நகரின் கடைசிச் சுரங்கம் 2010இல் மூடப்பட்டது. ஜேர்மனியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் பொட்ரொப்பில் மூடப்பட்டது. சுரங்கம் போன பின்னும் ‘குளுக் அவுஃப்’ என்ற சுரங்கத்தொழிலாளர் வாழ்த்து ரூர் பிரதேசத்தில் போகவில்லை. மூடிய சுரங்கத்தின் கரி கழுவும் கட்டடம் 1984இல் கண்ணாடி யானையாக உருமாறி, நகரின் அடையாளமாகவே நிற்கிறது. இந்த ஊரில் யானையைக் கண்டு பிள்ளையார் என்று கைகூப்பிய தமிழர், தம்மைப் போலவே தொழிலை இழந்த ஊர் இது என்பதையும் மெல்ல அறிந்துகொண்டனர்.

மீண்டும் ஒரு வெள்ளம்

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. வழிபாட்டிடங்களில் கூடுவது தடுக்கப்பட்டது. ஏப்ரலில் விதித்த கட்டளையின்படி ஓகஸ்ட் முடியும்வரை பெருங்கூட்டங்கள் கூட முடியாது போயின. கோடைத் தேர்த்திருவிழாவுக்கு ஆயிரமாயிரமாய்த் திரண்ட கூட்டம் அவ்வாண்டு இல்லை.

உணவகங்களும் மூடப்பட்டன. நிரந்தர வேலையில் இருந்தவருக்கு ‘குர்ட்ஸ்ஆர்பைட்’ எனப்படும் குறைநேர வேலை உதவி கிடைத்தது. 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் அறுபது இலட்சம் பேரளவில் அதைப் பெற்றனர். இழந்த நிகர ஊதியத்தில் 60 வீதம், பிள்ளையுள்ளோருக்கு 67 வீதம். ஆனால் மினி ஜொப் என்ற சிறுவேலையில் இருந்தவர் வேலையிழப்புக் காப்புறுதிக்குக் கட்டாதவர். அவருக்கு இவ்வுதவி இல்லை. அவ்வாண்டு ஜூன் மாதமளவில் நாட்டில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவேலைகள் மறைந்திருந்தன. சமையலறையிலும் துப்புரவிலும் இரண்டு மூன்று சிறுவேலைகளை ஒட்டிச் சீவித்த தமிழ்க் குடும்பங்கள் இதன் பொருளைப் புள்ளிவிபரம் இல்லாமலே அறிந்தன. முப்பது ஆண்டுகளின் பின் தகப்பன் மீண்டும் வீட்டில் சும்மா இருந்தார். ஹைம் அறையின் நினைவு திரும்பி வந்தது என்று சொன்னவர்கள் உண்டு.

அதே நாட்களில் வேறொன்றும் நிகழ்ந்தது. ‘சிஸ்டம்ரெலவாண்ட்’ என்ற சொல் நாடெங்கும் பேசப்பட்டது. நாடு நடப்பதற்கு இன்றியமையாத வேலை என்பது அதன் கருத்து. அப்பட்டியலில் வைத்தியரும் தாதியும் இருந்தனர். கடையில் சாமான் அடுக்குபவரும், முதியோர் இல்லத்தில் பராமரிப்பவரும், உணவு உற்பத்தியில் நிற்பவரும் இருந்தனர். மாலையில் மக்கள் பலகணியில் நின்று கைதட்டினர். ‘உத்தியோகம் இல்லை, வேலைதான்’ என்று பல வீடுகளில் தாழ்ந்த குரலில் சொல்லப்பட்ட தொழில்களே அவை. அலுவலகப் பட்டதாரி மகன் வீட்டு மேசையில் கணினியோடு இருக்க, முதியோர் இல்லத்துக்குப் போகத் தாய் காலை ஐந்து மணிக்கு முகக்கவசத்தோடு புறப்பட்டார்.

கைதட்டல் நீடிக்கவில்லை. 2020 ஜூனில், ஹம்முக்கு அண்மையிலுள்ள ரேடா-வீடன்புறுக் நகரத்தின் பெரிய இறைச்சி ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளருக்குத் தொற்றுக் கண்டபோது, அவர்களிற் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து ஒப்பந்தத்தில் உழைப்பவர் என்பதை நாடு அறிந்தது. நாட்டின் மேசைக்கு இறைச்சி தந்தவர்கள் எப்படிப்பட்ட நெருக்கமான அறைகளில் வாழ்ந்தனர் என்பது நோய் வந்த பின்னரே தெரிந்தது. நெருக்கடி, மறைந்திருந்த உழைப்பை ஒரு கணம் வெளிச்சத்தில் காட்டுகிறது. பின் பழைய தராசே மீண்டும் தொங்குகிறது.

தராசு யார் கையில்

தமிழரிடையேயும் அத்தராசு தொங்குவதை மறுக்க முடியாது. 1983இல் முதலாளியும் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்றதை அறிந்த சமூகமே, கலியாணப் பேச்சிலும் விழா மேடையிலும் மீண்டும் பதவியை நிறுக்கிறது. மகள் வைத்தியர் என்றால் குரல் உயர்கிறது. மகன் மின்னியல் வேலை பழகுகிறான் என்றால் பேச்சு மாறுகிறது. பாத்திரம் கழுவிப் பிள்ளையைப் படிப்பித்த தகப்பன், அந்தப் பிள்ளையின் பட்டமளிப்பில் தன் தொழிலைச் சொல்லக் கூசுகிறார். கோறணமேந்து போய்விட்டது, கோறணமேந்துப் புத்தி மட்டும் கப்பலேறி வந்துவிட்டது.

இதில் மனத்தாங்கல் மட்டுமல்ல, காசும் சம்பந்தப்பட்டிருக்கிறது. 1980களில் வந்த தலைமுறை ஓய்வு வயதை எட்டுகிறது. வேலை தடுக்கப்பட்ட ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கில் வெற்றிடமே. 2021இல் நடைமுறைக்கு வந்த அடிப்படை ஓய்வூதிய மேலதிகத் தொகையைப் பெறுவதற்குக் குறைந்தது 33 ஆண்டுகள் கணக்கில் இருக்க வேண்டும். 1991இல் வேலை தொடங்கியவருக்கு இடைவிடாது உழைத்திருந்தாலும் அது 2024இலேயே நிறைந்தது. ஓய்வூதியப் பங்கு கட்டாத சிறுவேலை ஆண்டுகள் அதில் சேரா. பிள்ளை வளர்த்த ஆண்டுகளும், வீட்டில் நோயாளரைப் பராமரித்த ஆண்டுகளும் சேரும். ஆனால் அவை பதியப்பட்டிருக்க வேண்டும். தம் சேவை இவ்வளவு காலம் என்று சொல்லக் கூசியவர், ஓய்வூதியக் காப்புறுதி அலுவலகத்தில் கணக்கைச் சரிபார்க்கவும் கூசுகிறார். ஒன்பது வயதில் தகப்பனுக்கு மொழிபெயர்த்த மகள் இன்று வளர்ந்துவிட்டாள். இன்னொரு முறை தகப்பனோடு அக்கந்தோருக்குப் போய், விடுபட்ட ஆண்டுகளைக் கேட்டு எழுதுவித்தால், அது அர்ச்சனையில் பெயர் சொல்வதற்கு ஒப்பான காரியம்.

வந்தியின் கதையில் இறைவன் அரசனாக வரவில்லை, குருவாகவும் வரவில்லை. கரை உடைந்த நாளில் எந்த வேலைக்கு ஆள் இல்லையோ அந்த வேலைக்கு வந்தான். கூலியாளின் முதுகில் விழுந்த அடி அனைவரையும் தாக்கியது என்றால், அவன் பெருமையும் அனைவரையும் சேர்ந்ததே. பாத்திரம் கழுவிய கைகள் பலவற்றில் சவர்க்காரத் தழும்பு மாறவில்லை. தேர் வடத்தைப் பிடிப்பதும் அந்தக் கைகளே. அவற்றின் வரலாற்றைப் பிள்ளைகள் கூசாமல் சொல்லக் கேட்கும் நாளில், அம்பாள் சந்நிதியில் ஏற்றும் தீபம் இன்னும் சற்றே ஒளிரும்.